ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவி, கீழ்பென்னாத்தூர்)

கட்டடம் கட்டும் இடத்தில் கொத்தனார், சித்தாள், தச்சர், கம்பி கட்டுபவர் எனப் பலர் இருந்தாலும், மேஸ்திரி ஒருவர் இல்லாவிட்டால் ஒரு செங்கல்கூட ஒழுங்காக ஏறாது. மணலை எங்கே கொட்டுவது, யார் எப்போது எதைச் செய்வது என்பதெல்லாம் அவர் சொற்படிதான் நடக்கும். கணிப்பொறிக்குள்ளும் அப்படி ஒரு மேஸ்திரி உண்டு. திரை, விசைப்பலகை, நினைவகம், வட்டு ஆகிய எல்லாவற்றையும் வேலை வாங்குகின்ற அவருக்குத்தான் இயங்குதளம் என்று பெயர். நாம் கடையில் வாங்கும் பெரும்பாலான கணிப்பொறிகளில் விண்டோஸ் என்னும் மேஸ்திரியே முன்கூட்டி வந்து அமர்ந்திருக்கிறார். அவரை வெளியேற்றாமலேயே இரண்டாவது மேஸ்திரி ஒருவரையும் அதே கணிப்பொறியில் அமர்த்த முடியும். அதனால் என்ன நன்மை, அதில் என்ன ஆபத்து, ஆபத்தின்றிச் செய்வது எப்படி என்பவற்றை எங்கள் வீட்டு அனுபவத்தைக் கொண்டு சக மாணவ நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் வீட்டுப் பெட்டி

கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு மடிக்கணினி. 2018இல் என் அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு அளித்தது. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டுமே தெரியும். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அண்ணன் நன்றாகப் படிப்பவர்தான். ஆனால் அந்த ஆண்டு மல்லாட்டை விளைச்சல் கைவிட்டது. அவர் சென்னைப் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார். ஆகவே எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நானே. அண்ணன் விட்டுச் சென்ற மடிக்கணினிதான் எனக்குக் கல்லூரிச் சீதனமாக வந்து சேர்ந்தது.

அந்தப் பெட்டியின் விலை இன்று பெரிதாக ஒன்றுமிராது. உள்ளே இருப்பவற்றுக்குத்தான் விலை சொல்ல முடியாது. அம்மா ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்குப் பார்க்கிறார். 12 பெண்களின் சேமிப்பும் கடனும் வட்டியும் அதில்தான் ஏறியிருக்கின்றன. நிலத்தின் பட்டா, சிட்டா நகல்கள், அண்ணனுடைய சான்றிதழ்கள், என்னுடைய செய்முறைக் குறிப்புகள் எல்லாம் அதற்குள் உள்ளன. 2021இல் காலமான எங்கள் பாட்டியின் படங்களும் அதிலேதான் இருக்கின்றன. பாட்டி நடவு நடும்போது அண்ணன் எடுத்த படம் ஒன்றைத்தான் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம்.

இன்னொரு லினக்ஸ் போடப் போகிறேன் என்று நான் சொன்னபோது அம்மாவுக்கு அச்சொல் புரியவில்லை. ஆனால் ஆபத்து மட்டும் தெளிவாகப் புரிந்துவிட்டது. “கண்ணு, அந்தப் பொட்டியில பன்னெண்டு பொம்பளைங்க காசு கணக்கு இருக்குது. அது போச்சுன்னா தெருவுல தலைகாட்ட முடியாது. பார்த்துச் செய்” என்றார். கணிப்பொறி அறிவியல் நூல்கள் பல பக்கங்களில் சொல்லும் பாதுகாப்பு விதிகளை அம்மா மூன்று வாக்கியங்களில் சொல்லிவிட்டார் என்றே நான் கருதுகிறேன்.

அவருடைய அச்சம் காரணமில்லாததன்று. பக்கத்து ஊரிலுள்ள என் தோழி ஒருத்தி, வேகம் குறைந்துபோன தன் மடிக்கணினியைச் சரிசெய்யக் கடையொன்றில் கொடுத்தாள். இரண்டு நாளில் புதிது போல ஓடும் நிலையில் திரும்ப வந்தது. ஆனால் மறைந்த அவள் தந்தையின் குரல் பதிவு உட்பட உள்ளே இருந்த எதுவும் திரும்பி வரவில்லை. வட்டை முழுவதும் அழித்துவிட்டுப் புதிய இயங்குதளத்தை ஏற்றியிருக்கிறார்கள். “எடுத்து வைக்கணும்னு நீங்க சொல்லலையேம்மா” என்பதே அங்கே கிடைத்த பதில். அன்றிலிருந்து ஒன்றை உறுதியாகத் தெரிந்துகொண்டேன்: வட்டில் கை வைக்கும் வேலையை அறியாமல் செய்வதும் தவறு, அடுத்தவரிடம் கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைப்பதும் தவறு.

ஏன் இரண்டாவது இயங்குதளம்?

எங்கள் மடிக்கணினியில் இருப்பது விண்டோஸ் 10. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதற்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொள்வோருக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மேலும் ஓராண்டுக்குக் கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. ஆதரவு நின்றதும் கணிப்பொறி நின்றுவிடுவதில்லை. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பார் இல்லை. விண்டோஸ் 11க்கு மாறலாமே என்றால், அது குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் வேண்டும் என்கிறது. எங்கள் பெட்டிக்கு அந்தத் தகுதி இல்லை. புதிது வாங்க 35,000 ரூபாயாவது வேண்டும். ஒரு போக மல்லாட்டையில் எங்களுக்கு மிஞ்சுவது அதைவிடக் குறைவு.

சரி, விண்டோஸை அடியோடு எடுத்துவிட்டு லினக்ஸ் மட்டும் வைத்துக்கொள்ளக்கூடாதா? கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. அண்ணன் ஊருக்கு வந்தால் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்று விண்டோஸில் மட்டுமே ஓடும். குழுக் கணக்கின் கோப்பும் அங்கேயே பழகிப்போனது. எனக்கோ சி மொழியும் பைத்தானும் பயில லினக்ஸ் மிகவும் ஏற்றதாக இருக்கிறது. மல்லாட்டைக்கு இடையே துவரையை ஊடுபயிராக விடுகிறோமே, இரண்டும் ஒரே நிலத்தில் வளர்ந்து இரண்டு பலன் தருவதில்லையா? அதுபோலத்தான் இதுவும்.

நமக்குப் புதிதன்று

இதை ஏதோ அயல்நாட்டு வித்தை என்று எண்ண வேண்டா. தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனத்தின் வழியாக லட்சக்கணக்கான மாணவர்களுக்கு வழங்கப்பட்ட அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்னும் இரண்டாவது இயங்குதளமும் சேர்ந்தே வந்தது. பாஸ் என்பது மைய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய லினக்ஸ். டெபியன் என்னும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படுத்தும் வண்ணம் அமைந்தது. அந்த மடிக்கணினியைத் திறந்தவுடன் எது வேண்டும் என்று கேட்கும். நம்மில் எத்தனை பேர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தோம்? எங்கள் பெட்டியிலும் அது இருந்தது. ஒருமுறை பழுது பார்க்கச் சென்றபோது, “இது எதுக்கு, இடத்தை அடைச்சிக்கிட்டு” என்று கடைக்காரர் நீக்கிவிட்டதாக அண்ணன் சொல்வார். வீட்டில் குடியிருந்த ஒருவரை அவர் பெயர்கூடத் தெரியாமல் காலி செய்து அனுப்பிய கதைதான் அது.

அண்டை மாநிலமாகிய கேரளத்தில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமும், 2017இல் அதன் வழித்தோன்றலாக அமைந்த கைட் நிறுவனமும் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளிலேயே கணிப்பொறியைக் கற்பிக்கின்றன. அங்கே லினக்ஸ் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்.

இதன் வரலாற்றிலும் நமக்கு ஊக்கமளிக்கும் செய்தி ஒன்று உண்டு. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 ஆகஸ்ட்டில் தாம் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. ஒன்றின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்னும் கொள்கையோடு ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த க்னூ திட்டத்தின் கருவிகளும் லினஸின் கருநிரலும் சேர்ந்தே இன்றைய லினக்ஸ் ஆயின. 1993இல் டெபியனைத் தொடங்கிய இயன் மர்டாக்கும் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக மாணவரே. அவருக்கு அப்போது வயது 20. தோழி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து டெபியன் என்று பெயரிட்டார். அந்த டெபியனிலிருந்து உபுண்டுவும், உபுண்டுவிலிருந்து மின்ட்டும், டெபியனிலிருந்தே நம் பாஸும் கிளைத்தன. 20 வயது மாணவர் நட்ட செடியின் விழுது சென்னை வரை வந்து இறங்கியிருக்கிறது. எனக்கும் இப்போது வயது 20 என்பதை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை.

மூன்று வழிகள்

ஒரு வீட்டில் புதியவர் ஒருவர் தங்குவதற்கு மூன்று வழிகள் உண்டு. விருந்தாளியாக வரலாம். ஒண்டுக்குடித்தனம் இருக்கலாம். பாகம் பிரித்துக்கொண்டு தனி வாசல் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது இயங்குதளத்துக்கும் இம்மூன்று வழிகளே.

முதல் வழி விருந்தாளி. லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணிப்பொறியைத் தொடங்கலாம். அது நினைவகத்தில் மட்டும் ஓடும். நாமாக வட்டைத் திறந்து எழுதினாலன்றி உள்ளே இருக்கும் எதையும் தொடாது. அணைத்துவிட்டுப் பென் டிரைவை எடுத்துவிட்டால் வந்த சுவடு தெரியாமல் போய்விடும். ஒலி கேட்கிறதா, வைஃபை கிடைக்கிறதா, தமிழ் எழுத்துகள் சரியாகத் தெரிகின்றனவா என்பனவற்றையெல்லாம் ஒரு பைசா இழப்பின்றிச் சோதிக்க இதுவே சிறந்த வழி. பெண் பார்க்கும் படலம் என்றும் சொல்லலாம்.

இரண்டாம் வழி ஒண்டுக்குடித்தனம். விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருள், விண்டோஸுக்குள்ளேயே ஒரு பொய்க் கணிப்பொறியைப் படைத்துத் தருகிறது. அதற்குள் லினக்ஸை நிறுவலாம். லினக்ஸ் தன்னிடம் தனி வட்டு இருப்பதாக நினைத்துக்கொள்ளும். உண்மையில் அது விண்டோஸில் உள்ள ஒரு கோப்பு, அவ்வளவுதான். உள்ளே எதைக் கெடுத்தாலும் வெளியே உள்ள வீடு கெடாது. அவ்வப்போதைய நிலையைப் படம் பிடித்தாற்போல் சேமித்துவைத்து, வேண்டியபோது அந்நிலைக்குத் திரும்பவும் முடியும். ஆகவே புதியவர்களுக்கு இதுவே மிகவும் பாதுகாப்பானது. ஆனால் இருவருக்கும் ஒரே சமையலறை. நினைவகத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 8 ஜி.பி. நினைவகம் இருந்தால் தாராளம். எங்கள் பெட்டியில் இருப்பதோ 4 ஜி.பி. அதில் இம்முறை ஆமை வேகம்தான். செயலியின் மெய்நிகராக்க வசதி பயாஸ் அமைப்பில் அணைக்கப்பட்டிருந்தால் அதையும் திறந்துவிட வேண்டும்.

மூன்றாம் வழி பாகப்பிரிவினை. வட்டை இரு பாகமாகப் பிரித்து, ஒன்றில் விண்டோஸ், மற்றொன்றில் லினக்ஸ். தொடங்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். எதைத் தேர்ந்தாலும் அதற்கே கணிப்பொறியின் முழுபலமும் கிடைக்கும். பழைய கணிப்பொறிக்கு இதுவே ஏற்றது. ஆனால் ஆபத்து மிகுந்ததும் இதுவே. நிலத்தில் அளவுக்கல் ஓரடி தள்ளி நட்டால் தலைமுறை தலைமுறையாக வழக்கு நடக்கும். வட்டில் எல்லை தவறினாலோ வழக்காடவும் எதுவும் மிஞ்சாது.

நான் மூன்றாம் வழியைத் தேர்ந்தேன். ஆனால் முதல் வழியில் தொடங்கி அங்கே போய்ச் சேர்ந்தேன்.

செய்த முறை

முதலில் நகலெடுப்பு. அண்ணனிடம் சொல்லி ஒரு வெளி வட்டு வாங்கி வரச் செய்து எல்லாவற்றையும் அதில் படியெடுத்தேன். குழுக் கணக்கை மட்டும் தனியாக ஒரு பென் டிரைவிலும் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதை அரிசிப் பானைக்குப் பக்கத்தில், குழுவின் வங்கிப் புத்தகத்தோடு வைத்தார். படியெடுத்தால் மட்டும் போதாது. இன்னொரு கணிப்பொறியில் செருகி, கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். திறக்காத நகல், முளைப்பு பார்க்காத விதையைப் போன்றது. பாட்டியின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போனேன்.

இரண்டாவது, பதிவிறக்கம். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத் தேர்ந்தேன். குறைந்த நினைவகத்திலும் ஓடக்கூடியது அது. கோப்பு ஏறத்தாழ 3 ஜி.பி. கைப்பேசியில் நாளொன்றுக்குக் கிடைக்கும் இணைய அளவோ 1.5 ஜி.பி. ஆகவே இரண்டு இரவுகள் ஆயின. அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். எடுத்த கோப்பு பழுதின்றி வந்ததா என்பதை அறிய எஸ்.எச்.ஏ-256 என்னும் கணக்கீட்டு முறை உண்டு. கோப்பு எவ்வளவு பெரிதானாலும் அதை 64 எழுத்துகள் கொண்ட ஒரு முத்திரையாகச் சுருக்கித் தரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் முத்திரை முற்றிலும் மாறிவிடும். தளத்தில் உள்ள முத்திரையையும் நம் கோப்பின் முத்திரையையும் நான் வாசிக்க, பக்கத்து வீட்டுத் தம்பி சரிபார்த்தான். அதன்பின் ரூஃபஸ் என்னும் கருவியால் பென் டிரைவில் ஏற்றினேன். அப்போது பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதை நினைவிற்கொள்க.

மூன்றாவது, விருந்தாளிச் சோதனை. பென் டிரைவிலிருந்து தொடங்கி இரண்டு மாலைகள் லினக்ஸை அப்படியே பயன்படுத்திப் பார்த்தேன். எல்லாம் ஓடின.

நான்காவது, விண்டோஸில் முன்னேற்பாடு. இதைத்தான் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். விண்டோஸில் விரைவுத் தொடக்கம் என்று ஒரு வசதி உண்டு. அது இயங்கும்போது, நாம் அணைத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. அரைத் தூக்கத்தில் இருக்கும். அந்நிலையில் லினக்ஸ் அதன் பாகத்தில் எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும். ஆகவே அதை நிறுத்திவிட வேண்டும். அடுத்தது பிட்லாக்கர் என்னும் பூட்டு. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பாகம் பிரித்த பின் விண்டோஸ் சந்தேகப்பட்டு 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்கலாம். அதை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொள்ளாதவர் தன் வீட்டுக்கு வெளியே தானே நிற்க நேரிடும். எங்கள் பெட்டியில் அப்பூட்டு இல்லை.

ஐந்தாவது, அளவுக்கல் நடுதல். விண்டோஸின் பாகத்தைச் சுருக்கும் வேலையை விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியிடமே விட வேண்டும். அவர் நிலத்தை அவரே அளந்து விட்டுக்கொடுப்பதுதான் முறை. எங்கள் வட்டு 500 ஜி.பி. விண்டோஸில் அது 465 என்று தெரியும். விற்பவர் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1024இன் மடங்கிலும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு அது, யாரும் திருடிவிடவில்லை. நான் கேட்டது 60 ஜி.பி., அதாவது 61,440 எம்.பி. புதிய கணிப்பொறிகளில் பாகங்களின் எண்ணிக்கைக்குப் பெரிய தடையில்லை. பழைய எம்.பி.ஆர். முறையில் உள்ள வட்டில் முதன்மைப் பாகங்கள் நான்கே இருக்க முடியும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆறாவது, மின்சாரம். எங்கள் மடிக்கணினியின் பேட்டரி தளர்ந்து போய்விட்டது. மின்சாரம் போனால் பத்து நிமிடம்கூடத் தாங்காது. பாகம் பிரிக்கும் நேரத்தில் மின்சாரம் நின்றால், பாதி கட்டு அவிழ்ந்த மூட்டையை நடுவழியில் போட்ட கதைதான். ஆகவே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு இன்வெர்ட்டர் உள்ள பெரியப்பா வீட்டுக்குப் போனேன். “எதுக்கும்மா இங்க வந்து உட்கார்ந்திருக்கே?” என்று கேட்ட பெரியப்பாவிடம், “ஆபரேஷன் பெரியப்பா, நடுவுல கரன்ட் போகக்கூடாது” என்றேன். அவர் ஃபிரிட்ஜை வேறு அணைத்து வைத்தார்!

ஏழாவது, நிறுவுதல். நிறுவும்போது ஒரு திரையில் கேள்வி ஒன்று வரும். வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவவா, விண்டோஸுக்குப் பக்கத்திலேயே நிறுவவா, நீங்களே இடம் காட்டுகிறீர்களா என்று கேட்கும். இந்த ஒரு திரையில்தான் அத்தனை ஆபத்தும் அடங்கியிருக்கிறது. என் தோழியின் தந்தை குரல் அழிந்ததும் இத்தகைய ஒரு திரையில்தான் இருக்க வேண்டும். நான் மூன்றாவதைத் தேர்ந்து, காலியாக விட்டிருந்த 60 ஜி.பி. இடத்தை மட்டும் காட்டினேன். ஈ.எஃப்.ஐ. என்னும் சிறிய பாகம் ஒன்று உண்டு. இரு குடித்தனத்துக்கும் பொதுவான தெருவாசல் அது. அதைப் பயன்படுத்தலாம், அழிக்கக் கூடாது. பொத்தானை அழுத்துமுன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, ஒவ்வொரு வரியையும் மறுபடி படித்தேன். ஏறக்குறைய அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது.

குடிவந்த பின்

இப்போது பெட்டியைத் திறந்தால் கிரப் என்னும் வாயிற்காவலர், எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்கிறார். இரண்டு வாசலும் திறக்கின்றன. குழுக் கணக்கு ஒரு ரூபாய் மாறாமல் இருக்கிறது.

ஒரேயொரு வேடிக்கை நடந்தது. லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டியது. காரணம் எளிது. கணிப்பொறிக்குள் இருக்கும் கடிகாரம் உள்ளூர் நேரத்தைச் சொல்வதாக விண்டோஸ் கொள்கிறது. லினக்ஸோ அது உலகப் பொது நேரத்தைச் சொல்வதாகக் கொள்கிறது. இந்திய நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் இருப்பதால் இருவருக்கும் அந்த அளவு பிணக்கு. உள்ளூர் நேரத்தையே பின்பற்றுமாறு லினக்ஸுக்கு ஒரு கட்டளை இட்டதும் இருவரும் சமாதானமாயினர்.

இந்த அனுபவத்தில் நான் கற்ற வேறு இரண்டு பாடங்களையும் சொல்ல வேண்டும். ஒன்று: பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடங்கியபோது, விண்டோஸின் கடவுச்சொல்லைக் கேட்காமலேயே அதன் கோப்புகளை என்னால் திறக்க முடிந்தது. அப்படியானால் நாம் வைக்கும் கடவுச்சொல் வாசற்கதவுக்கு மட்டுமே பூட்டு. சுவருக்குக் காவல் இல்லை. மடிக்கணினி திருடு போனால் கடவுச்சொல் இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்க முடியாது. வட்டையே பூட்டும் மறையாக்கம்தான் காப்பு.

மற்றொன்று: இரண்டு இயங்குதளங்கள் இருப்பதால் ஒன்று போனாலும் மற்றொன்று காப்பாற்றும் என்று சிலர் எண்ணுகிறார்கள். வட்டு ஒன்றுதானே! குதிருக்குள் நடுவே தடுப்பு வைத்தால் இரண்டு குதிர் ஆகிவிடுமா? அடியில் கறையான் புகுந்தால் இரு பக்க நெல்லும்தான் போகும். ஆகவே மாதம் ஒருமுறை, குழுக்கூட்டம் முடிந்த அன்று, வெளி வட்டில் நகலெடுப்பதை வழக்கமாக்கியிருக்கிறோம். நான் மறந்தாலும் அம்மா மறப்பதில்லை.

பின்னாளில் லினக்ஸ் வேண்டா என்று முடிவு செய்தாலும் அவசரப்பட்டு அதன் பாகத்தை அழித்துவிடக் கூடாது. வாயிற்காவலர் லினக்ஸ் வீட்டைச் சேர்ந்தவர். அவர் இருக்கும் வீட்டை இடித்துவிட்டால் விண்டோஸுக்குப் போகவும் வழி சொல்ல ஆளிருக்காது. முதலில் விண்டோஸின் சொந்தத் தொடக்க நிரலை முன்னிறுத்திவிட்டு, பிறகே பாகத்தைக் கலைக்க வேண்டும். பெரிய விண்டோஸ் மேம்படுத்தல்களுக்குப் பின் தொடக்க வரிசை மாறிப்போவதும் உண்டு. லினக்ஸ் அழிந்துவிட்டதென்று பதற வேண்டா. பயாஸ் அமைப்பில் வரிசையை மாற்றினால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அடுத்த இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று 2025 மார்ச்சில் தமிழ்நாடு அரசின் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. நம் கல்லூரியிலும் என்னைப்போல் வீட்டின் முதல் கணிப்பொறியைக் கையில் வைத்திருப்போர் பலர். சொல்லித்தர அண்ணனோ அக்காவோ வீட்டில் இல்லாதவர்கள் நாம். பழுதென்றால் கடைக்காரர் சொல்வதே வேதம் என்று நிற்பவர்கள். அந்நிலை மாற வேண்டும். தமிழில் படித்தறிய 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் இருக்கிறது. பக்கத்து மாவட்டமாகிய விழுப்புரத்தில் க்னூ லினக்ஸ் பயனர் குழு ஒன்று இளைஞர்களுக்கு இலவசமாகக் கற்பித்து வருகிறது. நம் கல்லூரி ஆய்வகத்திலும் மாதம் ஒரு மாலை இதற்கென ஒதுக்கப்பட்டால், ஒருவர் பென் டிரைவில் ஏற்றிய லினக்ஸை நாற்பது பேர் விருந்தாளியாக அழைத்துப் பார்க்கலாம். துறைப் பேராசிரியர்கள் இதற்கு ஆவன செய்வார்கள் என்று நம்புகிறேன்.

ஆழம் பார்த்துக் காலை விடு என்பது நம் முன்னோர் மொழி. ஆழம் தெரியாது என்று கரையிலேயே நிற்கச் சொன்னதல்ல அது. கோலை விட்டு அளந்துவிட்டு இறங்கச் சொன்னது. நகலெடுப்பதே கணிப்பொறியில் அந்த அளவுகோல். அதைக் கையில் பிடித்துக்கொண்டவர் எந்த ஆற்றிலும் இறங்கலாம். அஞ்சி ஒதுங்காமலும் துணிந்து விழாமலும் அறிந்து செய்வோமாக. நம் வீட்டுப் பெட்டிக்கு நாமே மேஸ்திரி ஆவோமாக!